மண் ஒட்டாத மாருதி

மெல்போர்னில் வேலை, நிரந்தர விசா இரண்டும் கிடைத்த செய்தியைச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "வண்டிய எப்ப ஏத்தப் போற?"

வண்டி என்றால் எங்கள் மாருதி 800. 1996 மாடல். ஆர்.சி. புத்தகத்தின்படி வெள்ளை நிறம். உத்திரமேரூரில் அரை ஏக்கரை விற்று அப்பா வாங்கியது. என்னைக் காலேஜில் சேர்க்கப் போனது, அக்கா கல்யாணத்துக்கு வாழைத்தார் ஏற்றியது, அம்மாவை ராத்திரியோடு ராத்திரியாக செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது, காலையில் அம்மா இல்லாமல் திரும்பி வந்தது... எல்லாம் அதுதான்.

"அப்பா, ஆஸ்திரேலியா என்ன வாலாஜாபாத்துக்குப் பக்கத்துலயா இருக்கு?"

"ஒரகடம் ரோட்டுல தெனம் லாரியில காரா அடுக்கிக்கிட்டுப் போறானே, அதெல்லாம் எங்க போகுது? கப்பலுக்குத்தானே? அதுல நம்மளுது ஒண்ணு ஓரமா நின்னுட்டுப் போகாதா?"

நியாயம்தான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளிலிருந்து லட்சக்கணக்கில் கார்கள் சென்னை, எண்ணூர் துறைமுகங்கள் வழியாக வெளிநாடு போயிருக்கின்றன. அவையெல்லாம் புதுப் பெண்டாட்டிகள். எங்களுடையது பாட்டி!

சென்னையில் ஒரு கப்பல் ஏஜென்ட்டைப் பார்த்தேன். "ரெண்டு வழி இருக்கு சார். இருபதடி கன்டெய்னர்ல வச்சுக் கட்டி அனுப்பலாம். இல்லே, ரோ-ரோ கப்பல். வண்டியை ஓட்டியே உள்ளே ஏத்தி, அங்கே ஓட்டியே இறக்குவாங்க. வண்டி ஓடுமில்லே?"

"தள்ளினா ஓடும்" என்றேன்.

அவர் கன்டெய்னர் கூலியைச் சொன்னார். அதில் எங்கள் வண்டி மாதிரி மூன்று வாங்கலாம். அங்கே போய் இறங்கினால் 10 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. வண்டி விலைக்கு மட்டுமல்ல, கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து!

அதைவிடப் பெரிசு, அனுமதி. வண்டியைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே ஆஸ்திரேலிய அரசிடம் இறக்குமதி அனுமதி வாங்கிவிட வேண்டும். வாங்காமல் போய் இறங்கினால் வண்டி துறைமுகத்திலேயே நிற்கும், வாடகை ஓடும். பழைய வண்டி என்ற கணக்கில் அனுமதி கேட்க, அதற்கு 25 வயசு ஆகியிருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு என்றால் நேர் எதிர். அங்கே சாதாரணமாக 3 வயசுக்குள் இருந்தால்தான் பழைய காரை உள்ளே விடுவார்கள்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இந்த மாதிரி நிபந்தனையெல்லாம் புதுசு இல்லை. பராந்தக சோழன் காலத்திலேயே கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். குடவோலையில் பேர் எழுத 35 வயசுக்கு மேல், 70க்குள் இருக்கணும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேணும். சொந்த மனையில் வீடு வேணும். ஏற்கெனவே பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது. அப்பாவுக்கு 74. குடவோலையில் அவர் பேர் விழாது. மாருதி மட்டும் ஆஸ்திரேலியாவுக்கு வயசில் பாஸ்!

அடுத்தது ஆஸ்பெஸ்டாஸ். 2003 டிசம்பர் 31 முதல் அங்கே அதற்கு முழுத் தடை. பழைய வண்டியில் பிரேக் லைனிங், கிளட்ச், கேஸ்கெட் என்று எங்கே வேண்டுமானாலும் ஒளிந்திருக்கலாம். இல்லை என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாத்தையும் மாத்திடலாம் தம்பி. ஆனா அப்புறம் இது உங்க வண்டியா இருக்காது."

அப்பா அசரவில்லை. டிக்கியில் ஒரு சிப்பம் அரிசி, மாவடு ஜாடி, முருங்கை விதை எல்லாம் வைத்து அனுப்புவதாகத் திட்டம். "அப்பா, விதை, மண், பூச்சி எதுவும் போகக் கூடாது. வண்டிக்கு அடியில கூட மண்ணு ஒட்டியிருக்கக் கூடாதாம். பார்த்தா நம்ம செலவுலயே கழுவச் சொல்வாங்க. இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

"இவ்வளவுதானே?" என்றார்.

மறுநாள் காலை எழுந்து வாசலுக்கு வந்தால், அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் பழைய டூத் பிரஷ். மட்கார்டுக்குள் தேய்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலான மண் வாளித் தண்ணீரில் கரைந்து வாசலில் ஓடியது.

"ஏரி மண்ணுடா. லேசுல போகாது" என்றார், மூச்சு வாங்க.

பின் சீட்டைக் கழற்றி வைத்திருந்தார். அதன் அடியில் கிடைத்ததை ஒரு பேப்பரில் பிரித்து அடுக்கியிருந்தார். பத்துப் பதினைந்து நெல்மணி, ஒரு ரூபாய்க் காசு, அம்மாவின் கொண்டை ஊசி. "நெல்லு விதையாச்சே, போகாது. இந்த ஊசி போகலாமில்லே?"

அப்போதுதான் உறைத்தது. இந்த வண்டியில் நான் மெல்போர்னுக்குக் கொண்டு போக ஆசைப்பட்டது எதுவோ, அதைத்தான் அந்த ஊர்ச் சட்டம் கழுவிவிட்டு வரச் சொல்கிறது. அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் வயலை அவர்கள் காப்பாற்றிக்கொள்கிறார்கள். மண்ணைக் கழுவி, பாதி சாமானை மாற்றிவிட்டு, மூன்று கார் விலை கொடுத்துக் கொண்டு போனால் அங்கே போய் இறங்குவது ஏதோ ஒரு மாருதி.

பிரஷ்ஷை அவர் கையிலிருந்து வாங்கினேன். "போதும்பா. வண்டி இங்கேயே இருக்கட்டும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டைத் திரும்ப மாட்டினார். ஊசியை மட்டும் என் சட்டைப் பையில் போட்டார்.

மெல்போர்ன் வந்து மூன்றாவது மாசம் போன் வந்தது. 15 வயசு தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டுமே, அந்த விஷயம்.

"ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்ட்டு வந்தேன். வண்டி பாஸாயிடுச்சு. இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அதுக்குள்ள ஒருவாட்டி வந்து ஓட்டிட்டுப் போ" என்றார்.

டிக்கெட் போட்டுவிட்டேன். பொங்கலுக்கு.