பைல் நாட்டுச் சாமைச் சோறு

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறுகிறவர்கள் பெரும்பாலும் அறப்பளீசுவரரைத் தொழுது, ஆகாய கங்கையில் நீராடி, மிளகும் பலாச்சுளையும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அருவியின் அழகைப் பற்றி நாம் புதிதாகச் சொல்வதற்கில்லை. படிக்கட்டைப் பற்றி நம் முழங்கால்களுக்குத் தனி அபிப்பிராயம் உண்டு.

ஆனால் பைல் நாட்டில் நாம் உண்ட சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இருக்கின்றனவே, அவை அருவியையே மறக்கச் செய்தன! இச்சோறு இலைக்கு வருவது எளிதன்று. சாமையின் உமி இலேசில் கழலாது; பெண்கள் உரலிலிட்டுப் பன்முறை குத்திப் புடைத்தாக வேண்டும். மரவள்ளிக்கோ அத்தொல்லை இல்லை. பிடுங்கிய கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்கு லாரி ஏறும். கையில் ரொக்கம் சேரும். ஆகவே சாமை விளைந்த கொல்லைகள் பல மரவள்ளிக்கு மாறின. இதற்காக மலைவாசிகளைக் கடிந்துகொள்ளும் பட்டணவாசிகள் ஒரு நாள் உலக்கை பிடித்துப் பார்க்கட்டும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இம்மலையில் உமி நீக்கும் இயந்திரங்களைக் கொணர்ந்தது, 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டெனக் கொண்டாடிய விழாக்கள் அனைத்தினும் மேலான காரியம் என்போம்.

திரும்புகையில் இரண்டு படி சாமையரிசி வாங்கி வந்தோம். நம் வீட்டில் அதைக் கல்லரித்து உலையிடுவதற்கே அரைப்பொழுது ஆயிற்று.