சீட்டுக்கட்டுக்குள்ளே ஒரு நடை

ரோமில் வேலை பார்க்கும் எங்கள் பையன், "ஞாயித்துக்கிழமை உங்க ரெண்டு பேரையும் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றதும் ரோஜாச்செடி, புல்வெளி, ஐஸ்க்ரீம் என்று நான் பாட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுவிட்டேன்.

"டாரட் தோட்டம்ப்பா" என்றான்.

"ஜோசியமா? கிளி உண்டா?" என்று கேட்டாள் என் மனைவி.

கிளி கிடையாது. சீட்டு உண்டு. ஆனால் கையால் எடுக்கிற சீட்டு இல்லை. உள்ளே புகுந்து குடித்தனம் பண்ணுகிற சைஸில் சீட்டு!

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்த ஊருக்குப் போவதென்றாலும் முதல் நாள் ராத்திரி பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்துவிட்டுத்தான் போவேன். பையனின் அலமாரியில், டாரட் படங்களுக்கு அர்த்தம் சொல்லும் ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. தோழி ஒருத்தி மறந்து வைத்துவிட்டுப் போனதாம். (எந்தத் தோழி என்று அவன் அம்மா கேட்டாள். அது தனிக் கட்டுரை.) ராத்திரி ஒரு மணி வரை படித்தேன்.

படித்ததில் முதல் ஏமாற்றம்: டாரட் ஆதியில் ஜோசியமே இல்லை! 15-ம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்கள் பொழுதுபோகாமல் ஆடிய சீட்டாட்டம். சாதாரணக் கட்டோடு துருப்புச் சீட்டாக 21 படங்கள், கூட ஒரு கோமாளி. மிலன் நகரத்துப் பிரபுக் குடும்பத்துக்காகத் தங்கப் பூச்சோடு வரைந்த கட்டு ஒன்றில், 78 சீட்டுக்கு 74 மிஞ்சியிருக்கின்றன. நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் பாதி, மீதி பெர்கமோ ஊரில். காணாமல்போன நாலில் ஒன்று பிசாசு, இன்னொன்று இடி விழுந்த கோபுரம். 'பார்த்தீரா, பயந்துபோய் எரித்துவிட்டார்கள்' என்று கதை கட்டுகிறவர்கள் உண்டு. ஐந்நூறு வருஷத்தில் நாலு சீட்டு தொலையாதா ஐயா? எங்கள் வீட்டு ரம்மிக் கட்டில் இஸ்பேட் ராணி ஆறே மாசத்தில் தொலைந்தாள்.

பிறகு 1781-ல் பாரிஸில் கூர் த ஜெப்லன் என்ற அறிஞர், 'இது சீட்டுக்கட்டே அல்ல, பண்டைய எகிப்தியரின் ரகசிய ஞானப் புத்தகம்' என்று ஒரு போடு போட்டார். எகிப்திய எழுத்தின் புதிரை ஷாம்போலியன் அவிழ்த்ததே 1822-ல்தான். அதற்கு நாற்பது வருஷம் முன்னால் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. அன்று பிடித்ததுதான் ஜோசியப் பித்து.

அந்தக் கட்டில் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிற ஆள் ஒருவன் உண்டு. அந்தக் கால இத்தாலியில், துரோகம் பண்ணியவனையும் மோசடிக்காரனையும் ஊர்ச் சுவரில் தலைகீழாக வரைந்து மானத்தை வாங்குவது வழக்கம். சீட்டில் இருப்பவனுக்கும் 'துரோகி' என்றுதான் பெயர். நம் ஜெப்லன் பார்த்தார். 'அச்சடித்தவன் தலைகீழாகப் போட்டுவிட்டான், இது விவேகத்தின் படம்' என்று சீட்டைத் திருப்பிப் பிடித்தார். பின்னால் வந்தவர்களோ, இல்லை இல்லை, தொங்குபவன் தியாகி, தவம் செய்கிறான் என்றார்கள். துரோகி, விவேகி, தியாகி! ஒரே ஆள், ஒரே கயிறு.

மறுநாள் காலை ரோமிலிருந்து ஆரேலியா சாலையில் வடக்கே கிளம்பினோம். இடது பக்கம் அவ்வப்போது கடல் எட்டிப் பார்த்தது. டஸ்கனி மாநிலத்தின் தெற்கு மூலையில், கபால்பியோ என்ற ஊருக்குப் பக்கத்தில், ஆலிவ் மரங்களுக்கு மேலே கண்ணாடிச் சில்லு பளபளக்கக் குன்றின்மேல் ஏதோ தெரிந்தது. "யாரோ பாத்திரம் கழுவிக் காய வெச்ச மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி.

அதைக் கட்டியவர் நிகி த சான் ஃபால். 1930-ல் பிரான்ஸில் பிறந்தவர். இளமையில் துப்பாக்கியால் சுட்டுப் பெயிண்ட் வழிய வைத்து 'ஓவியம்' பண்ணிப் பேர் வாங்கிய பெண்மணி. பார்ஸிலோனாவில் கௌடி கட்டிய பூங்காவைப் பார்த்து, நாமும் ஒன்று கட்டவேண்டும் என்று இருபது வருஷத்துக்கு மேல் மனசில் வைத்திருந்தார். ஒரு பணக்காரத் தோழியின் சகோதரர்கள் இந்த நிலத்தைத் தந்தார்கள். 1970-களின் கடைசியில் ஆரம்பித்த வேலை. 1998-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். காசு? தன் பெயரில் சென்ட் விற்றுக் காசு சேர்த்தார்! இரும்புக் கூடுகளைக் கணவர் ழான் டாங்கலி தன் ஆட்களோடு வந்து பற்றவைத்தார். கண்ணாடிச் சில்லு ஒட்டியவர்களில் உள்ளூர்த் தபால்காரரும் ஒருவர்.

மதியம் இரண்டரைக்குத்தான் திறக்கிறார்கள். மாரியோ போட்டா என்ற ஸ்விட்சர்லாந்து கட்டடக் கலைஞர் போட்ட தடித்த கல்சுவர்; நடுவில் வட்டமாக ஒரு பெரிய ஓட்டை. அதுதான் வாசல். உள்ளே போனால் கைடு கிடையாது. இந்த வழியாகப் போ என்று அம்புக்குறியும் கிடையாது. அவரவர் வழியை அவரவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்பது அந்த அம்மாளின் விருப்பமாம். எனக்குச் சொரேரென்றது. அப்புறம் நான் எதற்கு ராத்திரி ஒரு மணி வரை படித்தேன்?

நீலத் தலை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அது பெண் பூசாரி. அதன் தலைமேல் கண்ணாடி பளபளக்க இன்னொரு தலை, மந்திரவாதி. பிளந்த வாயிலிருந்து படிக்கட்டு வழியாகத் தண்ணீர் இறங்கிக் குளத்தில் சேருகிறது. குளத்தில் டாங்கலி செய்த அதிர்ஷ்டச் சக்கரம். நான் புத்தகத்தைப் பிரித்து, "பெண் பூசாரின்னா மறைந்த ஞானம், உள்ளுணர்வு..." என்று ஆரம்பித்தேன். "வாயைத் திறந்தா நிறுத்த மாட்டாங்க போலிருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பேரரசி என்கிற சீட்டுதான் வீடு. ஸ்பிங்க்ஸ் மாதிரி படுத்திருக்கும் ராட்சதப் பெண். எண்பதுகளில் நிகி பல வருஷம் இவளுக்குள்ளேயே குடியிருந்தார். ஒரு மார்பகத்துக்குள் படுக்கையறை, இன்னொன்றுக்குள் சமையல்கட்டு. உள்ளே சுவர், கூரை எல்லாம் கண்ணாடிச் சில்லு. நம் முகம் ஆயிரம் துண்டாகத் தெரிகிறது. நான் இதை ஒரு மாதிரியாகத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். என் மனைவி தயங்கவே இல்லை. "பொம்பளை உடம்புல எல்லாருமா வேற என்ன வெச்சிருக்காங்க? சரியாத்தான் கட்டியிருக்கா" என்றாள். என் புத்தகத்தில் பேரரசிக்கு 'தாய்மை, செழிப்பு' என்று போட்டிருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

அங்கே ஒரு தப்பும் பண்ணினேன். நிகிக்கு இதைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே முடக்குவாதம் வந்து, விரல்கள் கோணி, நடப்பதே கஷ்டமாகிவிட்டது என்று படித்ததை உளறிவிட்டேன். என் மனைவிக்கும் அதே வியாதிதான். பதினோரு வருஷமாகிறது. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியாது. கோலம் போட்டு வருஷக்கணக்காகிறது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருந்த சில்லு ஒன்றைப் புறங்கையால் தடவிப் பார்த்தாள்.

நீதி என்ற சீட்டின் உள்ளே ஒரு பூட்டிய கம்பிக்கதவு. அதற்குள் டாங்கலி செய்த பழைய இரும்பு இயந்திரம். அதன் பெயர் அநீதி. மரணம், குதிரைமேல் அரிவாளோடு இருந்தது. அந்தப் பக்கம் நான் வேகமாக நடந்தேன். பையன் சிரித்தான்.

வலிமை என்ற சீட்டைத் தேடுவதில் கொஞ்சம் குழப்பம். பழைய கட்டுகளில் அது பதினொன்று. 1909-ல் லண்டனில் வெயிட் என்பவர் யோசனை சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் வரைந்த கட்டில் அது எட்டு. அந்தச் சீட்டில் ஒருத்தி சிங்கத்தின் வாயைப் பிடித்துக்கொண்டிருப்பாள். இங்கே சிங்கம் இல்லை. பெரிய பச்சை டிராகன். அதன் முன்னால் பொம்மை மாதிரி ஒரு சின்னப் பெண்.

"டிராகன் அப்பா ஜாடையா இருக்கும்மா" என்றான் பையன்.

அவள் சிரிக்கவில்லை. "கயிறு எங்கே?" என்று கேட்டாள்.

"கண்ணுக்குத் தெரியாத கயிறாம். மிருகம் வெளியே இல்லை, அவளுக்குள்ளேதான் இருக்குன்னு அந்தம்மாவே சொல்லியிருக்காங்க."

"யார் என்ன சொன்னா என்ன, எனக்குத் தெரியறதைச் சொல்லட்டுமா? இவ அதைக் கொல்ல வரலைங்க. கூட நடக்கக் கூட்டிட்டுப் போறா."

நான் சும்மா இருந்தேன்.

"நீங்க பதினோரு வருஷமா அதைக் கொல்லணும்னே அலையறீங்க. எண்ணெய், கஷாயம், பத்தியம், யாரோ சொன்னாங்கன்னு ஏதோ ஊர். ஒவ்வொண்ணும் பலிக்காதப்போ நானே பரீட்சைல ஃபெயிலான மாதிரி இருக்கும். உங்க மூஞ்சியைப் பார்த்தா இன்னும் கஷ்டம். டாக்டர் குடுக்கற மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறேன். மிச்சம் இருக்கிற வலியோட நடந்துக்கறேனே."

பையன் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் எதையோ போட்டோ எடுக்க ஆரம்பித்தான். நான் டிராகனைப் பார்த்தேன். நானும் அது என் ஜாடை என்றுதான் ஒரு நிமிஷம் நினைத்தேன். இல்லை. வாளைத் தூக்கிக்கொண்டு டிராகனைத் தேடி அலைகிற ஆள் ஒருவன் கதைகளில் வருவானே, அவன் அந்தத் தோட்டத்தில் எங்கேயும் இல்லை.

திரும்பும்போது காரில் அவள் தூங்கிவிட்டாள். "அம்மா சொன்னதுதான் அந்தச் சீட்டுக்கு அர்த்தமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டான் பையன். "புத்தகத்தில் துணிவு, பொறுமைன்னு போட்டிருக்கு" என்றேன். அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு மண்டலம் தங்கி எண்ணெய் வைத்தியம் செய்ய அவளுக்குத் தெரியாமல் ஓர் இடத்தில் முன்பணம் கட்டி வைத்திருந்தேன். ரசீது என் பர்ஸில்தான் இருந்தது. ராத்திரி, பையனின் தோழியுடைய புத்தகத்தில், வலிமை என்ற பக்கத்தில் அதைச் செருகி, அலமாரியில் பழையபடி வைத்துவிட்டேன். ஊருக்கு வந்த பிறகுதான் உறைத்தது, ரசீது இல்லாமல் பணத்தைத் திருப்பித் தருவார்களோ என்னவோ!