பழைய வண்டிகளோடு ஒரு பகல்

பழம்பொருளைப் போற்றும் முறை இருவகைப்படும். தொடாமற் காப்பது ஒன்று. வழங்கிக் காப்பது மற்றொன்று. முன்னதற்குக் காட்சிசாலை சான்று. பின்னதற்கு நம் தமிழ்மொழியே சான்று. இவ்விரண்டினுள் எது தக்கதென்னும் ஐயம், சென்ற தைத் திங்களில் எமக்கு ஏட்டாராய்ச்சியாக அன்றி வீட்டுக் காரியமாகவே வந்து நேர்ந்தது.

எம் பாட்டனார் ஊர்ப்புறப் பள்ளிகளை மேற்பார்த்து வந்தவர். 1968-ஆம் ஆண்டில் அவர் வாங்கிய புல்லட் மோட்டார் சைக்கிள் அவர்க்குப்பின் எம் இல்லத்துத் தாழ்வாரத்தில் நின்றது. அதனை விடுதியொன்றின் வாயிலிற் காட்சிப்பொருளாக நிறுத்துதற்கு ஒருவர் நல்ல விலை பேசினார். தங்கையின் செவிலியர் கல்விக்குப் பணம் வேண்டியிருந்தமையின் தந்தையாரும் இசையும் நிலையினரானார். "பழையது நீங்கிப் புதியது வருதல் குற்றமன்றென்பது நன்னூலின் முடிபன்றோ? தமிழ் படிக்கும் உனக்கு நான் சொல்லவேண்டுமோ?" என்றும் வினவினார். யாம் விடையின்றி நின்றோம். எனினும், பழைய வண்டிச் சங்கத்தார் ஒரு சனிக்கிழமை உத்திரமேரூர்க்குச் செல்வதறிந்து, விற்குமுன் ஒருமுறை ஓட்டிவர விடை பெற்றோம்.

இவ்வண்டியின் வரலாறு சுவையுடையது. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து என்பீல்டு கம்பெனியார் 1932-இல் 'புல்லட்' என்னும் பெயரை வழங்கினர். 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி தோன்றித் திருவொற்றியூரில் தொழிற்சாலை கண்டது. பிறந்த நாட்டில் அவ்வண்டி செய்தல் ஒழிந்த பின்னரும் புகுந்த நாட்டில் ஒழியவில்லை. எம் பாட்டனார் வண்டியில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் அமைந்துள்ளன. டீகம்ப்ரஸர் பிடியை அழுத்தி, கிக்கரை மெல்லத் தாழ்த்தி, பின்னர்ப் பிடியை விட்டு ஒரே மிதியாக மிதித்தல் வேண்டும். வலிமையினும் பொறுமையே ஆண்டு வேண்டப்படுவது.

வைகறையில் தாம்பரத்தினின்று பதினொரு வண்டிகள் புறப்பட்டன. மைசூரிற் செய்த ஜாவா, யெஸ்டி வண்டிகள் மூன்று, ஏனையவை புல்லட்டுகள். செங்கற்பட்டில் கொளவாய் ஏரிமேல் பனி படர்ந்திருந்தது. பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, மதுராந்தகத்திற் சிற்றுண்டி அருந்தி, வடமேற்கே திரும்பினோம். நெடுஞ்சாலையின் இரைச்சல் அடங்கியது. அறுவடை நடந்த வயல்களில் வைக்கோல் மணம் வீசியது. சாலையோரத்தில் நெல் உலர்த்தியிருந்தமையால் மெல்லவே சென்றோம். கதிர்க்கட்டுச் சுமந்த பெண்டிர் நின்று நோக்கி நகைத்தனர். முதியவரொருவர், "இந்தச் சத்தங் கேட்டு எத்தனை நாளாயிற்று!" என்றார்.

வழியில் அன்பரொருவரின் வண்டி திடீரென நின்றது. உடன்வந்த மெக்கானிக் எழுபதாண்டு கடந்தவர். அவர் குனிந்து, பாயிண்டு எனப்படும் சிற்றுறுப்பைத் திறந்து, உப்புத்தாளால் துடைத்து, சட்டைப்பையிலிருந்த அட்டையின் கனத்தால் இடைவெளி அளந்து மூடினார். வண்டி ஒரே மிதியில் உயிர்பெற்றது. யாம் எம் ஐயத்தை அவரிடம் கூறினோம். "ஓடும் வண்டி தேயும், தம்பி, நிற்கும் வண்டி துருப்பிடிக்கும். தேய்ந்ததை மாற்றலாம்," என்றார். தம் தொழிலைக் கற்க ஒருவரும் வருவதில்லை என்றும் சொன்னார். அச்சொல் எம்மை வருத்திற்று.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்களைக் கண்டோம். அவை 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தன. குடவோலையால் வாரியத்தாரைத் தேர்ந்தெடுத்த முறை அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. ஏரி வாரியத்தார்க்கும் பணிக்காலம் 360 நாள். அதன்பின் புதியோர் வருவர். ஏரி பழையது, காப்போர் ஆண்டுதோறும் புதியோர். நன்னூலார் கருத்துக்கும் எம் விருப்பத்துக்கும் முரணில்லை என்பது அப்பொழுதே எமக்குப் புலப்பட்டது. வண்டி எம் கையினின்று நீங்கலாம், ஓட்டத்தினின்று நீங்கவேண்டுவதில்லை.

பழைய வண்டியிற் குறையில்லை என்பேமல்லேம். அதன் புகை மிகுதி, பிரேக் மென்மை. நாடோறும் கல்லூரிக்கு ஏறிச்செல்லத் தக்கதன்று. ஆயினும் திங்களுக்கொருமுறை நாட்டுப்புறஞ் செல்ல அதுவே போதும்.

திரும்பும் வழியில் சங்கத்தாரொருவர் வண்டியைத் தாம் வாங்கி ஓட்ட விரும்புவதாகக் கூறினார். விடுதியார் சொன்ன விலையினும் அது சற்றுக் குறைவே. தந்தையார் இரண்டு நாள் சிந்தித்தார். தங்கையின் முதலாண்டுக் கட்டணத்துக்குப் போதுமென்று கண்டு இசைந்தார். வண்டி கொடுக்கப்பட்ட நாளில் வாயில்வரை சென்று, அதன் ஒலி தெருக்கோடியில் தேயுமட்டும் அவர் நின்றதை யாம் கண்டோம்.

கோடை விடுமுறையில் அம்முதியவரின் பட்டறைக்குச் செல்ல உறுதி கொண்டுள்ளோம். மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய கைத்தொழில் வல்லார் ஒருவர் இருப்பார். அவர் இருக்கும்போதே சென்று கற்பீராக.