கல்பாத்தி: தேரும் தெருவும்

பாலக்காட்டுக் கணவாய் வழியே தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய பிராமணர்களின் அக்கிரகாரங்களில் கல்பாத்திக்குத் தனி மதிப்பு உண்டு. ஆற்றங்கரையில், படியிறங்கிப் போக வேண்டிய விசுவநாத சுவாமி கோவில்தான் ஊரின் மையம். லட்சுமி அம்மாள் என்ற விதவை காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து, பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சனிடம் 1,320 பொற்காசுகளை ஒப்படைத்துக் கோவில் எழுப்பச் செய்தார் என்பது ஊர் வரலாறு. ஆண்டு 1425 என்கிறார்கள். நல்ல காரியத்துக்குப் போகும்போது விதவை எதிரே வரக்கூடாது என்று ஒதுக்கிவைத்த சமூகத்தில், ஊருக்கே கோவில் தந்தவர் ஒரு விதவை. இதை யாரும் போதிய அளவுக்குப் பேசியதில்லை என்பது என் குறை.

கோவிலிலிருந்து பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று வீதிகள் பிரிகின்றன. பக்கச்சுவரைப் பங்குபோட்டு ஒட்டி நிற்கும் ஓட்டு வீடுகள். திண்ணை, ரேழி, கூடம், இரண்டாங்கட்டு, கொல்லை என உள்ளே உள்ளே நீளும். ஐப்பசி மாதக் கடைசியில், ஏறக்குறைய நவம்பர் நடுவில், தேர் புறப்படும். மந்தக்கரை மகாகணபதி, பழைய கல்பாத்தி லட்சுமி நாராயணப் பெருமாள், சாத்தபுரம் பிரசன்ன மகாகணபதி கோவில்களின் தேர்களும் விசுவநாதர் தேரும் மூன்றாம் நாள் மாலை தேர்முட்டியில் சந்திக்கும். முன்னால் மக்கள் வடம் இழுப்பார்கள், பின்னால் யானை முட்டித் தள்ளும். பம்பாயிலும் சென்னையிலும் வேலைக்குப் போன குடும்பங்கள் இதற்காகவே ஊர் திரும்பும்.

ஆனால் இந்த வீதி எல்லோருக்கும் திறந்திருந்ததில்லை. பொதுச் சாலைகளில் யாரும் நடக்கலாம் என்று சென்னை அரசு 1924இல் அறிவித்த பிறகு, அந்த ஆண்டுத் தேர்த் திருவிழாவில், ஒதுக்கப்பட்ட சாதியினரான ஈழவர்கள் உள்ளே நுழைந்தார்கள். அடித்து விரட்டப்பட்டார்கள். அரசும் அமைதியின் பெயரால் தடையுத்தரவு போட்டது. மனம் வெறுத்த ஈழவர்கள் பலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தார்கள். வைக்கம் போராட்டம் தொடங்கியதும் அதே 1924தான். வைக்கம் நமக்குத் தெரிகிறது, கல்பாத்தி தெரிவதில்லை.

மனிதரைப் பிரித்துவைத்த தெருக்கள் வேறு ஊர்களிலும் உண்டு. வெனிஸ் நகரில் 1516இல் யூதர்களை ஒரு தீவில் குடியமர்த்தி, இரவில் வாயிற்கதவைப் பூட்டினார்கள். அங்கே உள்ளே இருந்தவர்கள் அடைபட்டார்கள், இங்கே வெளியே இருந்தவர்கள் தடுக்கப்பட்டார்கள். கொச்சி மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கதை இன்னும் சிக்கலானது. அரண்மனையை ஒட்டி 1568இல் எழுந்த பரதேசி ஜெபாலயத்தில், அடிமை வம்சத்தவர் என்று முத்திரை குத்தப்பட்ட யூதர்களுக்குச் சம உரிமை கிடையாது. அதை எதிர்த்து அவர்களில் ஒருவரான ஏ.பி. சேலம் சத்தியாகிரகம் செய்தார். ஒதுக்கப்பட்டவர்களின் தெருவுக்குள்ளும் ஓர் ஒதுக்கல் இருந்தது.

நிலச்சீர்திருத்தத்துக்குப் பின், குத்தகையாக வந்த பாட்ட நெல் நின்றதும் கல்பாத்தி வீடுகள் பல கைமாறின, பூட்டப்பட்டன. இன்று இது பாரம்பரிய கிராமம். வீட்டின் முகப்பை மாற்ற அனுமதி கிடைப்பது கடினம் என்று குடியிருப்பவர்கள் புலம்புகிறார்கள், அதில் நியாயம் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறொன்று. திண்ணையையும் மரத்தூணையும் காக்கிறோம், 1924ஐச் சொல்லும் ஒரு பலகையாவது இந்தத் தெருவில் இருக்க வேண்டாமா?

அந்த நாட்களின் இன்னொரு முகத்தைப் பார்க்க சில கிலோமீட்டர் போனால் போதும். அகத்தேத்தறையில் டி.ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் தொடங்கிய சபரி ஆசிரமம் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளையும் மற்ற குழந்தைகளையும் ஒன்றாகத் தங்கவைத்துப் படிக்கவைத்தவர் அவர். காந்தியும் அங்கே வந்து தங்கியிருக்கிறார். தேர் பார்க்க வருபவர்கள் அங்கேயும் ஒருமுறை போய்வரலாம்.