சுமந்தவர்களின் தெரு

கொடைக்கானலுக்குச் செல்லும் அன்பர்கள் குறிஞ்சி ஆண்டவரைத் தரிசிக்காமல் திரும்புவதில்லை. மேலைநாட்டில் பிறந்து சைவம் தழுவியவரும், இலங்கை சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாருமான லீலாவதி அம்மையார் 1936-இல் எழுப்பிய திருக்கோயில் அது. பனி விலகினால் அங்கிருந்தே பழனிமலை தெரியும்.

வங்கிப் பணியில் மூன்றாண்டுகள் அவ்வூரில் இருந்தேன். கிருத்திகை தவறாமல் அங்குச் சென்று வந்தவன், சரிவில் அடுக்கடுக்காக வீடுகள் நெருங்கிய ஆனந்தகிரித் தெருக்களுக்குள் ஒருநாளும் நுழைந்ததில்லை. சுமைகூலிகளும் கொத்தனார்களும் சித்தாள்களும் வாழும் பகுதி. நமக்கு அங்கு என்ன வேலை என்றிருந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு மாரியம்மன் திருவிழாவுக்காக அங்கே போனேன். தீச்சட்டி ஏந்தியவர்கள் செங்குத்தான படிகளில் மூச்சிரைக்காமல் ஏறினர். வெறுங்கையோடு சென்ற நான்தான் நின்று நின்று ஏறினேன். திண்ணையில் இடம் கொடுத்த பெரியவர், "எங்க தாத்தா டோலி தூக்குனவருங்க" என்றார்.

அமெரிக்கப் பாதிரிமார் 1845-இல் இங்கு வீடு கட்டிக் குடியேறினர். வண்டிகள் ஏறும் மலைப்பாதை திறக்கப்பட்டதோ 1916-இல்தான். அதுவரை, பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து சுமார் 12 மைல் ஒற்றையடி ஏற்றம். துரைமாரும் அவர்தம் குடும்பத்தாரும் டோலியிலும் நாற்காலியிலும் அமர்ந்து வந்தனர். அரிசி மூட்டை, கட்டில், கண்ணாடிச் சன்னல் யாவும் மனிதத் தோளிலும் தலையிலுமே மலையேறின. ஏரிக்கரை பங்களாக்களைப் படமெடுப்போர் இதனை நினைப்பதில்லை.

பழனித் தலபுராணத்திலும் ஒரு சுமைகாரர் உண்டு. அகத்தியர் ஏவலால் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தோளில் தூக்கிவந்த இடும்பன். அவன் தண்டுதான் நாம் எடுக்கும் காவடி. இடும்பனை வணங்கிய பின்னரே முருகனை வணங்குவது அங்கு மரபு. இத்தனை காவடி எடுத்த எனக்கு, அந்தத் திண்ணையில்தான் இது உறைத்தது.

உடனே மற்றொன்றும் நினைவில் எழுந்தது. அக்காலத்தில் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர், கோவேறு கழுதை வாங்கக் கடன் கேட்டு வந்தார். வீட்டுக்குப் பட்டா இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டேன். விதிப்படி சரிதான். ஆயினும் அவர் சும்மாட்டுத் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பெரியவரிடம் அவரைப் பற்றி விசாரித்தேன்.

"பேரு சொல்லுங்க, எந்தத் தெரு?" என்றார்.

ஆனந்தகிரி என்பது மட்டுமே எனக்கு நினைவிருந்தது.