மூலைக்கு மூலை

அம்மா போனபிறகு பீரோவில் மிஞ்சியவை ஏழு நூல் புடவைகள். எல்லாமே சுங்குடி. துவைத்துத் துவைத்து பூப்போல ஆகிவிட்டவை. உடுத்தத் தாங்காது; பாத்திரக்காரனுக்குப் போட மனசு வராது. "ஒட்டுப் போட்டு ஆளுக்கொரு போர்வை தைச்சுடேன். உன்கிட்டதான் மெஷின் இருக்கே" என்றாள் அக்கா.

சதுரம் சதுரமாக வெட்டித் தைத்திருந்தால் வம்பே இல்லை. என் ஆசை விடவில்லை. 5 அங்குலச் சதுரங்களை மூலைவாட்டில் வெட்டி முக்கோணமாக்கி, சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி வரவேண்டும் என்று மனக்கோட்டை. நாலு புடவைகளை மூன்றே நாளில் கத்தரித்துத் தைத்தும் விட்டேன்.

விரித்தால், தரையில் படியவே மாட்டேன் என்கிறது! பொரித்த அப்பளம் மாதிரி நெளிநெளியாக நிற்கிறது. முக்கோணத்தின் நீளப் பக்கத்தை டேப் வைத்து அளந்தேன். 7 அங்குலத்துக்குத் துளி மேலே இருக்கவேண்டியது, ஒன்றில் 7¼, இன்னொன்றில் 7½. இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தேன். இன்னும் நீண்டது.

வயிற்றைக் கலக்கியது. கடைத் துணி என்றால் இன்னொரு மீட்டர் கிழித்து வாங்கிக்கொள்ளலாம். இதற்கு எங்கே போவது? அக்காவிடம் எந்த முகத்தோடு சொல்வது?

மூட்டை கட்டிக்கொண்டு தெருமுனை டெய்லரிடம் போனேன். பாய் ஒரு துண்டை எடுத்து நீளவாக்கில் இழுத்தார், அசையவில்லை. அகலவாக்கில் லேசாகக் கொடுத்தது. மூலைவாட்டில் இழுத்ததும் ரப்பர் மாதிரி வந்தது.

"பாவும் ஊடையும் நேரா நின்னாத்தாம்மா துணி கெட்டியா இருக்கும். குறுக்க இழுத்தா ரெண்டும் சாய்ஞ்சுக்கும். நீங்க ஓரத்தையே கிராஸ்ல வெட்டிட்டு, மெஷின்ல வேற பிடிச்சு இழுத்திருக்கீங்க."

எத்தனை ஜாக்கெட் கழுத்துக்கு கிராஸ் பீஸ் வெட்டி வளைத்துத் தைத்தவள் நான்! அங்கே வளைந்து கொடுத்த துணி இங்கேயும் கொடுக்கும் என்று உறைக்கவில்லையே. 1920களில் பாரிஸில் மதலேன் வியோனே என்ற அம்மாள், இப்படிக் குறுக்கே வெட்டிய கவுன்களாலேயே உலகப் புகழ் பெற்றார். உடம்போடு வழிகிற கவுனுக்கு அது அழகு. போர்வைக்கு எதற்கு?

"பிரிச்சிடுங்க. தண்ணியில நனைச்சு, பிழியாம, இழுக்காம தட்டையா விரிச்சுக் காயவைங்க. ஓரளவுக்குச் சுருங்கி வரும். அப்புறம் கஞ்சி போடுங்க. இஸ்திரி போடறப்ப தேய்க்கக்கூடாது. பெட்டியை வெச்சு வெச்சு எடுக்கணும்."

பிரிக்கவே இரண்டு நாள். வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து, துண்டு துண்டாக நனைத்துப் பாயில் விரித்தேன். காய்ந்ததும் முக்கோணங்கள் காகிதம் மாதிரி விறைத்துக்கொண்டன. முக்கால்வாசி பழைய அளவுக்கே வந்துவிட்டன. வராதவற்றைக் குண்டூசி குத்தி, நீண்ட துண்டு கீழே இருக்கும்படி வைத்துத் தைக்கச் சொன்னார் பாய். துணியை நகர்த்தும் பல், அந்த மிச்சத்தைத் தானே உள்ளே வாங்கிக்கொள்கிறது. நான் கையை மடியில் கட்டிக்கொள்ளாத குறைதான். போர்வையின் வெளி ஓரத்தில் மட்டும் நேர் இழைப் பக்கம் வருகிறமாதிரி பார்த்துக்கொண்டேன். முதல் போர்வை படிந்தது. ஒரு மூலையில் மட்டும் சின்ன நெளிவு. இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவதற்கு முக்கோணமே வெட்டவில்லை. இரண்டு சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்துவிட்டு, பிறகு கோட்டில் வெட்டவேண்டும். வெட்டுப்படும்போதே தையல் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

மிச்சப் புடவைகளுக்கு முழுசாகக் கஞ்சி போட்ட அன்று அக்காவும் வந்திருந்தாள். மொட்டை மாடியில் புடவை கோணிக்கொண்டு காய்ந்திருந்தது. சின்ன வயசில் அம்மா ஒரு பக்கம் நின்றுகொண்டு, "மூலையைப் பிடிச்சு இழுங்கடி, நேராகட்டும்" என்பாள். குறுக்கே இழுத்ததும் கோணல் நேராகிவிடும். நான் வேண்டுமென்றே பிடியை விட்டு, அம்மா தடுமாறுவதைப் பார்த்துச் சிரிப்பேன்.

அக்கா ஒரு மூலையைப் பிடித்தாள். நான் எதிர் மூலையை.

"விட்டுடாதடி" என்றாள்.

அந்த அரக்குப் புடவையை மட்டும் வெட்டவில்லை. இரண்டாவது போர்வை இரண்டு வரிசை குறைச்சல். அது எனக்கு. புடவை ஆறு மாசம் அவளிடம், ஆறு மாசம் என்னிடம்.