தபால் பெட்டியில முதல்ல பேரை ஒட்டுங்க

நேத்து ராத்திரி பெர்லின்ல இருந்து தம்பி ஃபோன்.

முதல் மாசச் சம்பளம் வந்திருக்கு. வரி பிடிச்சதைப் பார்த்து அவனுக்குக் குரலே உடைஞ்சிடுச்சு.

விசாரிச்சா, வரி எண் இன்னும் அவன் கைக்கே வரல.

ஜெர்மனில குடிபோன 2 வாரத்துக்குள்ள முகவரியைப் பதியணும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேணும். பதிஞ்சதும் 11 இலக்க வரி எண் தபால்ல வரும். அது இல்லாம சம்பளம் போட்டா ஆறாம் வரி வகுப்புல பிடிக்கலாம். இருக்கிறதிலேயே அதிகம் அதுதான்.

அவன் பதிஞ்சிட்டான். தபால்தான் வரல.

ஏன்னா பெட்டியில அவன் பேரே இல்ல. அங்க பேரைப் பார்த்துத்தான் தபால் போடுவாங்க.

ஒரு துண்டுச் சீட்டு. அவ்வளவுதான்.

எண்ணைக் கம்பெனியில கொடுத்தா திருத்திடுவாங்க, இல்லன்னா வருஷ வரிக் கணக்கு தாக்கல் பண்றப்போ திரும்ப வாங்கலாம்னு சொன்னேன். அப்புறம்தான் மூச்சு விட்டான்.

கிளம்பறப்போ ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் எடை போட்டுக் கட்டினோம். இதை ஒருத்தரும் சொல்லல. எனக்கு அதான் மனசே ஆறல.

இன்னொண்ணு. இங்க இருக்கிற சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கான என்ஆர்ஓ கணக்கா மாத்தணும். வேலைக்குன்னு கிளம்புற வருஷம், ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும் இந்தியாவுல 182 நாளுக்குக் குறைவா இருந்தா, அந்த ஊர்ச் சம்பளத்துக்கு இங்க வரி இல்ல. டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே நாளை எண்ணிப் பாருங்க.

உங்க வீட்டுப் பிள்ளை யாராவது கிளம்பறாங்களா? இதை இன்னைக்கே அனுப்பி வைங்க.